பறந்த கதையும் விழுந்த கணக்கும்

மனிதன் வானில் பறந்த வரலாற்றைப் பற்றி நம் கல்லூரி மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றனர். செலுத்துவோன் இல்லாத விண்ணூர்தியைப் புறநானூறு குறிப்பிடுகிறது என்பர்; சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை எடுத்துரைப்பர்; கேட்போர் நம் சமுதாயத்தவராயின், ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தலூசியாவில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் பறந்து காட்டினார் என்று முடிப்பர். கைதட்டல் எழும். பேச்சு அங்கேயே நின்றுவிடும். பறந்தவர் எப்படித் தரையிறங்கினார் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

நமக்கோ அந்த இறக்கத்தில்தான் அக்கறை. மலைமுகட்டிலிருந்து எந்திரம் எதுவும் இன்றி, துணிச் சிறகு ஒன்றில் தொங்கியபடி காற்றில் மிதந்து செல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. ஹேங் கிளைடிங் என உலகம் வழங்கும் அதனைத் தொங்குசிறகுப் பறத்தல் என்று இக்கட்டுரையில் குறிப்போம். அதன் தொடக்க நாட்களைப் பற்றிப் படிக்குந்தோறும், நாம் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சாகசக் கதைகளை அன்று, விழுந்தவர்கள் விட்டுச் சென்ற கணக்கையே என்னும் எண்ணம் வலுக்கிறது. பழனி மலையின் விளிம்புகளில் நம் இளைஞர்கள் நிற்கும் விதத்தைப் பார்க்கும்போது அவ்வெண்ணம் கவலையாகவும் மாறுகிறது.

முதலில் இப்னு ஃபிர்னாஸ். 9-ஆம் நூற்றாண்டில் குர்துபா அரசவையில் விளங்கிய கவிஞர் அவர்; இசை வல்லார்; கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறை கண்டவர்; வானியல் கருவி அமைத்தவர். ஏறத்தாழ 875-ஆம் ஆண்டில் உடலெங்கும் இறகு போர்த்து, இரு சிறகு பூட்டி, உயரமான இடத்திலிருந்து காற்றில் பாய்ந்தார் என்பது செய்தி. இதனை நமக்கு விரிவாகத் தருபவர் 17-ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ. அவர் எழுதியதில் ஒரு பகுதி மட்டும் மேடைக்கு வருவதே இல்லை. நெடுந்தொலைவு சென்ற ஃபிர்னாஸ் இறங்கும்போது முதுகில் பலத்த அடிபட்டார். பறவை தரை தொடும்போது வாலின் துணைகொண்டு இறங்குகிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை, தமக்கு வால் அமைத்துக்கொள்ளவில்லை என்று அவ்வரலாறு காரணம் கூறுகிறது. பறந்தார் என்ற செய்தியைவிட இந்தக் காரணமே விலைமதிப்புடையது என்பது எம் கருத்து. ஒருவர் விழுந்தார், ஏன் விழுந்தார் எனப் பிறர் சிந்தித்தனர், சிந்தித்தது எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து ஒரு நூலில் ஏறி நம்மை வந்தடைந்தது. நிலவில் அவர் பெயர் தாங்கிய பள்ளம் ஒன்று இருக்கிறது. குன்று அன்று, பள்ளம்! தற்செயல்தான் எனினும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் அல்-ஜவ்ஹரீ. தமிழ்த்துறையினராகிய நமக்கு அவர்மீது தனிப் பரிவு உண்டு. ஏனெனில் அவர் அகராதிக்காரர். ஏறத்தாழ 40,000 சொற்கள் கொண்ட ஸிஹாஹ் என்னும் புகழ்பெற்ற அரபு அகராதியைத் தொகுத்தவர். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நைஸாபூர்ப் பள்ளிவாசலின் கூரைமேல் ஏறி, மரச் சிறகுகளுடன் பாய்ந்து உயிர் நீத்தார் என்பர். அகராதியின் ஒரு பகுதி செப்பம் செய்யப்படாத குறிப்பாகவே கிடந்ததாகவும், மாணவர் ஒருவர் அதனைத் திருத்தி முடித்ததாகவும் கூறப்படுகிறது. அவருடைய சொற்களை எடுத்து முடிக்க மாணவர் இருந்தார். சிறகின் நீளமும், எந்த மூட்டு முறிந்தது என்பதும் அவ்வாறு நம்மை வந்து சேரவில்லை. அடுத்துப் பாய நினைத்தவர் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் திருத்தக்கதேவருக்குரிய பெருமையை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மயிற்பொறி எழுந்ததை மட்டும் அவர் பாடவில்லை. திருகியை வலப்புறம் திருப்பினால் மேலெழும், இடப்புறம் திருப்பினால் இறங்கிக் கால் குவித்து அமரும் என இயக்கும் முறையையும் சொல்கிறார். சச்சந்தன் தன் தேவியை அதில் அமர்த்திப் பழக்குகிறான். பின்னர்ப் பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு விசயை மயங்க, பொறி சுடுகாட்டில் வந்து இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். முழுவதும் கற்பனைதான், காப்பியத்தில் பறந்தது வரலாற்றில் பறந்ததற்குச் சான்றாகாது. ஆயினும் கற்பனை செய்த அந்தச் சமண முனிவர் பயிற்சியையும் மறக்கவில்லை, இறக்கத்தையும் மறக்கவில்லை. அவரை எடுத்துக்காட்டும் நாம்தாம் இரண்டையும் மறந்து, பறந்ததை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கற்பனையிலிருந்தும் ஒற்றை முயற்சிகளிலிருந்தும் இக்கலையை மீட்டு, நாள்தோறும் பயிலும் தொழிலாக ஆக்கியவர் ஓட்டோ லிலியந்தால் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். 1848 மே 23-இல் பிறந்தவர். பறவைகளின் பறத்தலை ஆராய்ந்து 1889-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1891-இல் சிறகு கட்டிப் பாயத் தொடங்கினார். பாய்வதற்கென்றே 1894-இல் பெர்லினை ஒட்டி 15 மீட்டர் உயரமுள்ள செயற்கைக் குன்று ஒன்றை எழுப்பினார். அதனினும் உயரம் வேண்டி ரினோ குன்றுகளுக்குச் சென்றார். சிறகின் நடுவே உடலைத் தொங்கவிட்டு, கால்களை இப்புறமும் அப்புறமும் வீசி எடையை மாற்றுவதே அவர் ஊர்தியைத் திருப்பிய முறை. ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். அவற்றுள் மிக நீண்டது 250 மீட்டர் அளவே. 1896 ஆகஸ்ட் 9 அன்று சிறகு காற்றில் தாங்குதிறனை இழக்க, கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்து மறுநாள் இறந்தார்.

ஃபிர்னாஸுக்கும் முதுகு, இவருக்கும் முதுகு. ஆயினும் ஒரு வேறுபாடு. லிலியந்தாலிடம் அட்டவணைகள் இருந்தன. வளைந்த சிறகு எந்தக் கோணத்தில் எவ்வளவு தாங்கும் என்பதை அளந்து அச்சிட்டிருந்தார். அவர் பறந்த ஒளிப்படங்கள் உலகெங்கும் பரவின. அவருடைய முறையைப் பின்பற்றிய இங்கிலாந்தின் பெர்சி பில்ச்சர் 1899-இல் விழுந்து இறந்தார். அமெரிக்காவில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த சகோதரர் இருவர் அந்த அட்டவணைகளைக் கையில் வைத்துக்கொண்டே தம் முதற் சிறகுகளை அமைத்தனர். எதிர்பார்த்த தாங்குதிறன் கிட்டாதபோது, 1901-இல் காற்றுக்குழாய் ஒன்றைச் செய்து புதிதாக அளந்தனர். 1903 டிசம்பர் 17-இல் நடந்ததை நாம் அறிவோம். இறந்தவரின் ஏடு இருந்தது. ஆகவே அதனைச் சரிபார்க்கவும் முடிந்தது.

எந்திரம் வந்தபின் எந்திரமற்ற சிறகை உலகம் மறந்துவிட்டது. அதனை மீட்டவர்களின் கதை சுவையானது. பிரான்சிஸ் ரொகாலோ என்னும் அமெரிக்கப் பொறியாளரும் அவர் மனைவி கெர்ட்ரூடும், விறைப்பான சட்டமின்றிக் காற்றே உருக்கொடுக்கும் சிறகு ஒன்றை 1948-இல் வடித்தனர். சமையலறைத் திரைச்சீலையைக் கொண்டு முதற் சிறகைத் தைத்தவர் அவ்வம்மையார். விண்கலங்களை மெல்ல இறக்க இது உதவுமா என நாசா நிறுவனம் ஆய்ந்து, பின்னர்க் கைவிட்டது. அதன் படத்தை இதழொன்றில் கண்டவர் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் ஊரினரான ஜான் டிக்கன்சன். 1963-இல் அவர் படகால் இழுத்துப் பறக்கும் சிறகு ஒன்றைச் செய்தார். அதற்குத் துணி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? அவ்வட்டாரத்தில் வாழைக்குலைகளின் மேல் போர்த்தும் நீல நெகிழித் தாளையே எடுத்துக்கொண்டார்! சிறுமலையிலும் தாண்டிக்குடியிலும் வாழை பயிரிடுவோர் இதைக் கேட்டால் மகிழ்வர். பறப்பவர் முக்கோணச் சட்டம் ஒன்றைக் கையால் பற்றித் தம் உடலெடையை முன்பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும் முறையை அவர் அதில் இணைத்தார். இன்றளவும் தொங்குசிறகு அம்முறையில்தான் பறக்கிறது. பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு 2012-இல் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது.

1971 மே 23 அன்று, லிலியந்தாலின் பிறந்த நாளைக் கொண்டாட, கலிபோர்னியாவின் சரிவொன்றில் இளைஞர்கள் திரண்டனர். மூங்கில் கழி, நெகிழித் தாள், ஒட்டுநாடா ஆகியவையே பலருடைய மூலப்பொருள். சில நொடிகள் மிதந்து மண்ணில் புரண்டு எழுந்து சிரித்தனர். விழத் துணிந்த உயரத்துக்கு மேல் பறக்காதே என்பது அவர்களுக்குள் வழங்கிய நெறி. அந்நெறி இருந்தவரை எலும்புதான் முறிந்தது.

மலைக்கு ஏறியபோது நிலைமை மாறியது. மணல்மேட்டில் வீசும் கடற்காற்று சீரானது. மலையிலோ வெயிலில் சூடான பாறையிலிருந்து காற்றுத் தூண்கள் எழுகின்றன. அவற்றின் ஓரத்தில் காற்று இறங்குகிறது. முகட்டின் மறுபுறத்தில் ஆற்று நீர் பாறையைத் தாண்டிச் சுழிப்பதுபோல் காற்றும் சுழிக்கிறது. இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியா. ரொகாலோ சிறகில் மற்றொரு குறையும் மறைந்திருந்தது. அதன் மூக்கு அளவுக்கு மேல் தாழ்ந்தால் துணியில் காற்று நிரம்பாது; கொடிபோல் படபடக்கும்; பறப்பவர் சட்டத்தை எவ்வளவு தள்ளினாலும் மூக்கு மீண்டும் எழாது. மணல்மேட்டில் இதற்கு இடமே நேர்வதில்லை. ஆயிரம் அடி உயரத்தில் நேர்ந்தால் மீட்சியில்லை. 1970-களில் அவ்வாறு மாண்டவர் பலர்.

அவர்களின் தோழர்கள் இரங்கலோடு நின்றுவிடவில்லை. முறிந்த சட்டங்களைப் பொறுக்கி வந்து ஆராய்ந்தனர். சிறகின் பின்விளிம்பு தாழாதபடி மேலிருந்து கயிறு கட்டினர். புதிய சிறகுகளை வண்டியின் மேல் பொருத்தி ஓட்டி, மூக்கு தானே எழுகிறதா என அளந்த பிறகே விற்பனைக்கு விடுவதென விதி செய்தனர். விபத்து அறிக்கைகளைத் தம் இதழ்களில் மாதந்தோறும் அச்சிட்டனர்.

அவ்வறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டிய விபத்து ஒன்று நம்மைத் திகைக்க வைக்கிறது. சிறகையும் உடலையும் இணைக்கும் கொக்கியை மாட்ட மறந்து, வெறுங்கையால் சட்டத்தைப் பற்றியவாறே மலையிலிருந்து ஓடிப் பாய்ந்துவிடுதல்! இவ்வாறு மறந்தோரில் புதியவர்களோடு நூற்றுக்கணக்கான முறை பறந்தவர்களும் இருந்தனர். அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டது. பாய்வதற்கு முன் ஒருவர் சிறகின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பறப்பவர் படுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். எத்தனை முறை பறந்தவராயினும் விலக்கில்லை. இவ்வளவு எளிய வழக்கத்துக்குப் பின்னால் எத்தனை பேர் இறப்பு இருக்கிறது என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அவ்வொழுக்கத்தின் பயனையும் காண்கிறோம். 1977-இல் ஜெர்ரி காட்ஸ் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் முதன்முறையாக நூறு மைலைக் கடந்தார். 2012-இல் டெக்சாசில் டஸ்டின் மார்ட்டின் 764 கிலோமீட்டர் பறந்தார். 250 மீட்டரிலிருந்து 764 கிலோமீட்டர்!

நம் நாட்டிலும் இக்கலை வேரூன்றாமல் இல்லை. இமாசலத்தின் பில்லிங் மலைச்சரிவில் 1980-களில் தொங்குசிறகுப் பேரணிகள் நடந்தன. பின்னர் அதே சரிவு பாராகிளைடிங் என்னும் குடைச்சிறகுக்குப் பெயர்பெற்று, 2015-இல் உலகக் கோப்பைப் போட்டியும் அங்கே நடைபெற்றது. நீலகிரியின் கல்லட்டிச் சரிவைச் சுற்றுலா வழிகாட்டி நூல்கள் பல இதற்குரிய இடமாகக் குறித்து வந்துள்ளன. 1988-இல் விஜய்பத் சிங்கானியா லண்டனிலிருந்து டெல்லிக்குச் சிற்றூர்தியில் பறந்து வந்தார். சிற்றூர்தி என்னும் அவ்வினமும் தொங்குசிறகின் கிளையாகத் தழைத்ததே.

பழனி மலைக்கு வருவோம். இவ்விளையாட்டை இங்கும் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கும் ஆர்வலர் உண்டு. கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், தென்புறச் செங்குத்தின் விளிம்பிலேயே அமர்ந்திருக்கிறது. 1872-இல் அமைந்த கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நண்பகலுக்குமேல் நின்றோர், மூடுபனி கீழிருந்து மேலேறி வருவதைக் கண்டிருப்பர். சமவெளியில் சூடான காற்று மலைச்சுவரைப் பற்றி ஏறுவதன் அடையாளம் அது. அக்காற்றில் சிறகசைக்காமல் வட்டமிடும் பருந்து சொல்லிக்கொடுக்காத ஆசிரியர். பார்த்தவுடன் பறக்கலாம் என்றே தோன்றும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியகுளம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆக இறக்கம் 1,800 மீட்டர். இரண்டு ஊர்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு 12 கிலோமீட்டருக்கு மேல். தொடக்க நாட்களின் சிறகு ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 4 மீட்டர் முன்னே செல்லும். அசையாக் காற்றில் அது ஏறத்தாழ 7 கிலோமீட்டரே செல்லும். கீழே என்ன இருக்கிறது? காடும் பாறைப் பிளவுமே. இறங்க ஒரு களம் கிடையாது. இன்றைய சிறகு ஒன்றுக்குப் பதினைந்து செல்லும். 27 கிலோமீட்டர் ஆகிறது. பெரியகுளத்து வயல்களைக் கடந்தும் போகலாம். ஆனால் அஃது எதிர்க்காற்றும் இறங்குகாற்றும் இல்லாத ஏட்டுக் கணக்கு. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் அது மலையைத் தாண்டித் தென்விளிம்பில் கீழ்நோக்கிச் சுழிக்கும். பாய்ந்தவரைச் சுவரோடு அழுத்தும். மேலும் இக்காடுகளின் பெரும்பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. காட்டில் விழுந்தவரைத் தேடிச் செல்வோர்க்கு வழியும் இல்லை. யானைகளின் வழியில் இவர்கள் குறுக்கே போவதும் முறையன்று.

ஆகவே வேண்டாம் என்பதா எம் முடிவு? அவ்வாறு எளிதில் சொல்லிவிட இயலவில்லை. சமுதாயப் பெரியோர் சிலர், நமக்கெதற்கு இந்த ஆபத்தான ஆட்டம் என்பர். அவர்களின் அச்சத்தை மதிக்கிறோம். ஆனால் ஆட்டத்தைத் தடுத்தாலும் விளிம்பு அங்கேயேதான் இருக்கிறது. இளைஞர்களும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2006-இல் கொச்சி அருகே மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் குணா குகைப் பிளவில் விழுந்ததையும், தோழர் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டதையும் 2024-இல் வெளிவந்த மலையாளத் திரைப்படம் நாடறியச் செய்தது. படம் ஓடியபின் அக்குகையைக் காணக் கூட்டம் பெருகியது. அந்தப் பிளவின் ஆழம் என்ன, எங்கே கால் வழுக்கும் என்று கேட்டு வந்தவர் எத்தனை பேர்? பாறை நுனியில் கைப்பேசியை நீட்டி நிற்கும் பிள்ளை எந்தக் கொக்கியையும் மாட்டவில்லை; எவரும் அவனைத் தொங்கிப் பார்க்கச் சொல்லவுமில்லை. விளிம்பில் நிற்பதற்கும் ஒரு கல்வி வேண்டும். அக்கல்வியைத் தொங்குசிறகினர் தம் உயிரைக் கொடுத்துத் தொகுத்திருக்கின்றனர். பறக்காதவனுக்கும் அது பயன்படும்.

காசு வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் பறக்கவைத்து அனுப்பும் வணிகமாக இஃது இம்மலைக்கு வருமானால் அதனை நாம் எதிர்ப்போம். குன்றிலிருந்து தொடங்கி, காற்றைப் படித்து, ஒவ்வொரு நாளும் குறிப்பெழுதும் பயிற்சிப் பள்ளியாக, வனத்துறையின் இசைவோடு, இறங்கும் களத்தை முதலில் தேர்ந்து பாயும் களத்தைப் பின்னர்த் தேர்வதாக வருமானால் வரவேற்போம். வரிசை மாறக்கூடாது. இறங்குமிடம்தான் முதலில்.

குறிப்பெழுதும் பழக்கம் அம்மலைக்குப் புதிதன்று. கொடைக்கானல் வான்நோக்குநிலையத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வளியோட்டத்தைக் கண்டது அங்கேதான். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூரியனின் காற்றுக்கு ஏடு இருக்கிறது. வட்டக்கானல் சரிவில் எந்த மாதம் எந்த நேரம் காற்று திரும்புகிறது என்பதற்கான ஏடு அங்குள்ள முதியோரின் நினைவில் இருக்கிறது. 1916-இல் மலைச்சாலை திறக்கப்படுமுன், கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து துரைமார்களை நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறியவர்கள் அவர்களின் முன்னோர். ஏறியவர்கள் நினைவுக்குறிப்பு எழுதினர்; சுமந்தவர்கள் எழுதவில்லை.

நம் மாணவர்கள் ஆண்டுதோறும் அம்மலைக்குச் சுற்றுலா செல்கின்றனர். அடுத்த முறை பத்துப் பேராவது ஒரு நாளை ஒதுக்கி, விறகும் தேனும் எடுத்தவர்கள், வழிகாட்டிகள், ஆடு மேய்த்தவர்கள் ஆகியோரிடம் சென்று அமரட்டும். காற்றுக்கும் பனிக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள், பாறைகளின் ஊர்ப்பெயர்கள், யார் எங்கே எப்போது வழுக்கி விழுந்தார், எதனால் விழுந்தார் என்பனவற்றை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வரட்டும். துறையின் ஆய்வுக்கட்டுரைக்கு அதனினும் நல்ல பொருள் வேண்டுமா? தொகுத்ததன் ஒரு படி நம் துறை நூலகத்தில் இருக்கட்டும். மற்றொன்றை மலையேறும் பேருந்து புறப்படுமுன் பிள்ளைகளின் கையில் கொடுப்போம்.